அனுப்பியவரா, பெற்றவரா? சுவாஹிலி மொழியில் 'நா' என்னும் இணைப்புச் சொல்

கீழ்வரும் இரண்டு சுவாஹிலித் தொடர்களைக் காண்போம்.

பெஸா ஸிமெட்டும்வா நா ஜூமா.
பெஸா ஸிமெட்டும்வா க்வா ஜூமா.

இரண்டிலும் நான்கு சொற்கள். மூன்று சொற்கள் பொதுவானவை. 'பெஸா' என்பது பணம். 'ஸிமெட்டும்வா' என்பது அனுப்பப்பட்டுள்ளது. ஜூமா ஒருவரின் பெயர். வேறுபடுவது மூன்றாம் சொல் மட்டுமே. முதல் தொடரின் பொருள், 'ஜூமாவால் பணம் அனுப்பப்பட்டுள்ளது'. இரண்டாவதன் பொருள், 'ஜூமாவுக்குப் பணம் அனுப்பப்பட்டுள்ளது'. ஒன்றில் ஜூமா பணம் செலுத்தியவர். மற்றொன்றில் பணம் பெற்றவர். ஒரு சிறு சொல் மாறினால் கணக்கின் பற்றும் வரவும் இடம் மாறிவிடுகின்றன. ஆகவே 'நா' என்னும் அச்சொல்லின் இலக்கணத்தை இக்கட்டுரையில் முறையாகக் கற்போம்.

நமக்கும் இம்மொழிக்கும் உள்ள தொடர்பு

சுவாஹிலி கிழக்கு ஆப்பிரிக்காவின் பொது மொழி. தான்சானியாவில் ஆட்சியிலும் பள்ளியிலும் வழங்குவது. கென்யாவின் 2010ஆம் ஆண்டு அரசியலமைப்பு இதனைத் தேசிய மொழியாகவும், ஆங்கிலத்துடன் ஆட்சி மொழியாகவும் ஏற்றுள்ளது. ஜூலை 7ஆம் நாளை உலக சுவாஹிலி மொழி நாளாக யுனெஸ்கோ அறிவித்துள்ளது.

இந்திய வணிகர் இக்கடற்கரையில் பல நூற்றாண்டுகளாக வாணிகம் செய்து வந்தனர். அதன் தடம் இம்மொழியின் பணச் சொற்களில் இன்றும் உள்ளது. 'பெஸா' என்பது நம் பைசாவே. காசோலைக்கு 'ஹுண்டி' என்று பெயர். நம் நாட்டு வணிகர் கைமாற்றிய உண்டியலே அது. நூறாயிரத்தை 'லாக்கி' என்பர், நம் இலட்சம். காப்பீடு 'பீமா' எனப்படும். கென்யாவில் 2007ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு, கைபேசி வழிப் பணப் பரிமாற்றத்தில் முன்னோடியாகப் புகழ்பெற்ற 'எம்-பெஸா' சேவையின் பெயரிலும் நம் பைசா ஒளிந்திருக்கிறது.

இன்று வணிகம், பொறியியல், மருத்துவம், கல்வி ஆகிய துறைகளில் பணியாற்ற நம்மவர் நைரோபிக்கும் தார் எஸ் சலாமுக்கும் செல்கின்றனர். சென்னை ஐ.ஐ.டி.யின் வெளிநாட்டு வளாகம் 2023ஆம் ஆண்டு தான்சானியாவின் சான்சிபாரில் தொடங்கப்பட்டது. பிள்ளைகள் அங்குப் பயில, பெற்றோர் இங்கிருந்து பணம் அனுப்பும் காலம் இது. அம்மொழியின் அடிப்படையைச் சிறிதேனும் அறிந்திருப்பது பயன் தரும்.

ஒலிப்பு குறித்து ஒரு சொல். சுவாஹிலியில் குறில், நெடில் வேறுபாடு பொருளை மாற்றுவதில்லை. எனவே 'நா' என்பதை நெடிலாக எழுதினும் அளவாக ஒலித்தால் போதும்.

மூன்றாம் வேற்றுமையை நினைவுகூர்வோம்

தமிழில் மூன்றாம் வேற்றுமைக்கு ஆல், ஆன், ஒடு, ஓடு ஆகியவை உருபுகள் என்றும், கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி ஆகியவை பொருள்கள் என்றும் பள்ளியில் கற்றோம். 'வாளால் வெட்டினான்' என்பதில் கருவிப் பொருள். 'தச்சனால் செய்யப்பட்டது' என்பதில் கருத்தாப் பொருள். 'தந்தையோடு மகன் வந்தான்' என்பதில் உடனிகழ்ச்சிப் பொருள். இவற்றிற்கு அப்பால், 'அரிசியும் பருப்பும்' என்பதில் வரும் எண்ணும்மை தனி இடைச்சொல்.

சுவாஹிலியின் 'நா' இந்த நான்கில் மூன்றை ஏற்கிறது: எண்ணும்மை, உடனிகழ்ச்சி, கருத்தா. கருவிப் பொருளை மட்டும் அது ஏற்பதில்லை. அதனை 'க்வா' என்னும் வேறொரு சொல்லுக்கு விட்டுவிடுகிறது. இந்த ஒரு விதியை மனத்தில் கொண்டால் பிற விதிகள் எளிதில் அமையும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. எண்ணும்மை

சாய் நா சுக்காரி: தேநீரும் சர்க்கரையும்.
சாய் நா மஸீவா: தேநீரும் பாலும்.

தமிழில் 'உம்' ஒவ்வொரு பெயரின் ஈற்றிலும் வரும். சுவாஹிலியில் 'நா' இரண்டு பெயர்களுக்கு நடுவில் ஒருமுறை மட்டுமே வரும். தமிழ் வழக்கை ஒட்டிப் பெயருக்கு ஒன்றாக இரண்டு 'நா' இடுதல் கூடாது.

தமிழ் 'உம்' எண்ணுப் பொருளில் மட்டும் வருவதில்லை என்பதையும் கருத வேண்டும். 'நானும் வருகிறேன்' என்பது எச்சவும்மை. இதற்குச் சுவாஹிலியில் 'பியா' என்னும் சொல் உண்டு: 'மிமி பியா நினக்குஜா'. 'எல்லாரும் வந்தனர்' என்பது முற்றும்மை. அதற்கு 'வோட்டே வலிக்குஜா' என்றால் போதும், 'நா' வேண்டுவதில்லை. தமிழில் 'உம்' வரும் இடமெல்லாம் 'நா' வரும் என்று கொள்ளுதல் பிழை.

2. உடனிகழ்ச்சி

ஜூமா நா ஆஷா வலிக்குஜா: ஜூமாவும் ஆஷாவும் வந்தனர்.
ஜூமா அலிக்குஜா நா ஆஷா: ஜூமா ஆஷாவோடு வந்தார்.

இரண்டிலும் 'நா' ஒன்றே. பொருளைப் பிரிப்பது அது நிற்கும் இடமும் வினையின் முன்னொட்டும் ஆகும். சுவாஹிலியில் எழுவாயின் எண்ணும் இடமும் வினையின் தொடக்கத்தில் காட்டப்படும். 'வ' என்னும் முன்னொட்டு 'அவர்கள்' என்பதைக் குறிக்கும். 'அ' என்னும் முன்னொட்டு 'அவர்' என ஒருவரைக் குறிக்கும். முதல் தொடரில் எழுவாய் இருவர், ஆகவே 'வலிக்குஜா'. இரண்டாவதில் எழுவாய் ஜூமா ஒருவரே, ஆகவே 'அலிக்குஜா'. தமிழில் வினையின் ஈற்றை நோக்கும் நாம், அங்கு வினையின் முதலெழுத்தை நோக்கப் பழக வேண்டும்.

'என்னோடு', 'உன்னோடு' என்னும் பொருளில் 'நா' பெயரோடு ஒட்டிச் சுருங்கும். நாமி என்பது என்னோடு. நாவே என்பது உன்னோடு. நாயே என்பது அவரோடு. நாசி என்பது எங்களோடு. நாவோ என்பது அவர்களோடு. 'ஜூமாவைப் பார்த்தீர்களா?' என்று கேட்டதற்கு ஒருவர் 'நாயே' என்னும் சொல் வரும் விடையைக் கூறினால், தமிழ்ச் செவிக்கு அது வசையாகவே ஒலிக்கும். அவர் கூறியது 'அவரோடுதான் இருந்தேன்' என்பதாகவே இருக்கும். கோபம் கொள்வதற்கு முன் இவ்விதியை நினைவுகூர்தல் நன்று.

3. கருத்தா

செயப்பாட்டு வினையில் செய்தவரைக் குறிக்க 'நா' வரும். செய்ய உதவிய கருவியைக் குறிக்க 'க்வா' வரும்.

பருவா இலியண்டிக்வா நா ஜூமா: கடிதம் ஜூமாவால் எழுதப்பட்டது.
பருவா இலியண்டிக்வா க்வா கலாமு: கடிதம் பேனாவால் எழுதப்பட்டது.

தமிழில் 'ஜூமாவால்', 'பேனாவால்' என இரண்டுக்கும் 'ஆல்' உருபே வருகிறது. எனவே தமிழர் இங்குத் தடுமாற வாய்ப்பு மிகுதி. செய்தவர் உயிருள்ள ஒருவரா, கையில் பிடித்த ஒரு பொருளா என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். செய்தவர் எனில் 'நா'. கருவி எனில் 'க்வா'. வங்கி, நிறுவனம், அரசு ஆகியவையும் செயலைச் செய்பவையாக வரும்போது 'நா'வையே ஏற்கும்.

'க்வா' கருவியோடு நில்லாமல், ஒருவரிடம் சென்று சேர்வதையும் குறிக்கும். அதனால்தான் கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட 'க்வா ஜூமா' என்பது 'ஜூமாவுக்கு' என்று பொருள்பட்டது. மூன்றும் ஒரே தொடரில் வருவதைப் பார்ப்போம்.

பெஸா ஸிமெட்டும்வா நா ஜூமா க்வா ஆஷா க்வா சீமு.

'ஜூமாவால் ஆஷாவுக்குக் கைபேசி வழியாகப் பணம் அனுப்பப்பட்டுள்ளது' என்பது இதன் பொருள். 'நா'வுக்குப் பின் வருபவர் அனுப்பியவர். 'க்வா'வுக்குப் பின் ஆள் பெயர் வந்தால் பெற்றவர். பொருட்பெயர் வந்தால் வழி.

ஐயம் எழுமிடத்தில் செயப்பாட்டு வினையைத் தவிர்த்துச் செய்வினையாக எழுதுவது பாதுகாப்பான முறை. 'ஜூமா அமெட்டுமா பெஸா க்வா ஆஷா', அதாவது 'ஜூமா ஆஷாவுக்குப் பணம் அனுப்பியுள்ளார்' என்று எழுதினால் அனுப்பியவர் தொடரின் தொடக்கத்திலேயே நிற்பார். பணம் தொடர்பான கடிதங்களில் இவ்வழக்கையே பரிந்துரைக்கிறோம்.

4. உடைமை

சுவாஹிலியில் 'என்னிடம் உள்ளது' என்பதற்குத் தனி வினைச்சொல் இல்லை. 'நான் அதனோடு இருக்கிறேன்' என்பதே அம்மொழியின் கூற்று முறை. எழுவாய் முன்னொட்டுடன் 'நா' சேர்ந்து உடைமையைக் காட்டும்.

நினா: என்னிடம் உள்ளது. உனா: உன்னிடம் உள்ளது. அனா: அவரிடம் உள்ளது. துனா: எங்களிடம் உள்ளது. வனா: அவர்களிடம் உள்ளது.

'நினா அக்காவுண்டி' என்றால் எனக்குக் கணக்கு உள்ளது. எதிர்மறையில் முன்னொட்டு மாறும்: சினா (என்னிடம் இல்லை), ஹுனா (உன்னிடம் இல்லை), ஹனா (அவரிடம் இல்லை). 'சினா டெனி' என்றால் எனக்குக் கடன் இல்லை. எம்மொழியிலும் சொல்லி மகிழத்தக்க தொடர்.

நிகழ்காலத்தில் முன்னொட்டோடு ஒட்டி நின்ற 'நா', இறந்தகாலத்திலும் எதிர்காலத்திலும் பிரிந்து தனிச்சொல்லாக நிற்கும். 'நிலிக்குவா நா அக்காவுண்டி' என்றால் எனக்குக் கணக்கு இருந்தது; 'நிட்டக்குவா நா அக்காவுண்டி' என்றால் எனக்குக் கணக்கு இருக்கும். 'நிலிக்குவா' என்பது 'நான் இருந்தேன்' மட்டுமே. 'நா'வை விட்டுவிட்டால் 'நான் கணக்காக இருந்தேன்' என்றாகிவிடும்.

திரைப்படத்தின் வழியே உலகெங்கும் பரவிய 'ஹக்குனா மட்டாட்டா' என்னும் தொடரிலும் இந்த 'நா' உண்டு. 'குனா' என்றால் 'அங்கு உள்ளது'. 'ஹக்குனா' என்றால் 'அங்கு இல்லை'. 'மட்டாட்டா' என்பது சிக்கல்கள். 'சிக்கல் ஏதும் இல்லை' என்பது தொடரின் பொருள்.

நிகழ்கால வினையின் நடுவிலும் 'ந' என்னும் அசை வரும். அதனையும் உடைமை 'நா'வையும் குழப்பிக்கொள்ளலாகாது. 'அனா கிட்டாபு' என்றால் அவரிடம் நூல் உள்ளது. 'அனசோமா கிட்டாபு' என்றால் அவர் நூல் படிக்கிறார். பின்னர் வருவது பெயராயின் 'அனா' தனித்து நிற்கும். வினைப்பகுதியாயின் ஒட்டி எழுதப்படும்.

5. எண்ணுப்பெயர்

வங்கி வாடிக்கையாளர் மிகவும் கருத்துடன் பயில வேண்டிய பகுதி இது. எண்களின் உறுப்புகளை இணைப்பதும் 'நா'வே.

இஷிரினி நா டானோ: 25 (இருபதும் ஐந்தும்).
மியா மோஜா நா டானோ: 105 (நூறும் ஐந்தும்).

ஆயிரத்துக்கு 'எல்ஃபு' என்று பெயர். சுவாஹிலியில் 'எல்ஃபு' முன்னும் அதன் மடங்கு பின்னும் வரும். 'எல்ஃபு இஷிரினி' என்றால் 20,000. இப்போது 'எல்ஃபு இஷிரினி நா டானோ' என்று ஒருவர் சொன்னால் எத்தொகையை எழுதுவோம்?

'நா' முதலில் இருபதையும் ஐந்தையும் இணைக்கிறது என்று கொண்டால் அது 25,000. இருபதாயிரத்தையும் ஐந்தையும் இணைக்கிறது என்று கொண்டால் அது 20,005. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு 4,995. தமிழில் இந்த மயக்கம் எழுவதில்லை. 'இருபத்தைந்தாயிரம்' என்றும் 'இருபதாயிரத்து ஐந்து' என்றும் சொல்லின் புணர்ச்சியே தொகையைத் தெளிவாக்கிவிடுகிறது.

சுவாஹிலி பேசுவோர் இம்மயக்கத்தை நீக்கக் கைக்கொள்ளும் வழி, சொற்களின் வரிசையை மாற்றுவதாகும். 25,000 என்று ஐயமறக் கூற 'இஷிரினி நா டானோ எல்ஃபு' என்பர். ஆயிரம் என்னும் சொல் இறுதியில் நிற்பதால் இருபத்தைந்து முழுவதும் அதற்கு மடங்காகிறது. தொலைபேசியில் தொகை பேசும்போது இவ்வரிசையைக் கையாளலாம்; எழுத்தில் எண்களையும் உடன் குறிக்கலாம். காசோலையில் தொகையை எழுத்தாலும் எண்ணாலும் எழுதும் நடைமுறையின் பயன் இத்தகைய இடங்களில் நன்கு விளங்கும்.

6. வினைகளை இணைத்தல்

அலிஃபுங்குவா அக்காவுண்டி நா குவேக்கா பெஸா: அவர் கணக்கைத் திறந்து பணம் போட்டார்.

இத்தொடரில் முதல் வினை 'அலிஃபுங்குவா' (அவர் திறந்தார்) எழுவாயையும் காலத்தையும் காட்டுகிறது. 'நா'வுக்குப் பின் வரும் 'குவேக்கா' என்பது 'போடுதல்' என்னும் தொழிற்பெயர். 'நா' இயல்பாகப் பெயர்களை இணைப்பது. ஆகவே அதன் பின் வரும் வினையும் 'கு' என்னும் முன்னொட்டுப் பெற்றுத் தொழிற்பெயராகிறது.

தமிழில் இதற்கு நேர்மாறான அமைப்பைக் காண்கிறோம். 'திறந்து' என்னும் முதல் வினை எச்சமாகி நிற்க, 'போட்டார்' என்னும் இறுதி வினையே முற்றாகிறது. தமிழில் முற்று இறுதியில். சுவாஹிலியில் முற்று முதலில். இம்மாற்றத்தை உணர்ந்துகொண்டால் நீண்ட தொடர்களும் எளிதாகும்.

7. இடமும் ஒப்பும்

சில சொற்கள் 'நா'வோடு சேர்ந்தே வழங்கும். 'கரீபு நா பெங்க்கி' என்றால் வங்கிக்கு அருகில். 'ம்பாலி நா பெங்க்கி' என்றால் வங்கியிலிருந்து தொலைவில். தமிழில் அருகுக்கு 'கு' உருபும், தொலைவுக்கு 'இலிருந்து' என்பதும் வர, சுவாஹிலியில் இரண்டுக்கும் 'நா' ஒன்றே. அவ்வாறே 'சாவா நா' என்றால் ஒன்றுக்குச் சமமானது. 'டோஃபௌட்டி நா' என்றால் ஒன்றிலிருந்து வேறுபட்டது. இவற்றைப் பிரித்து ஆராயாமல் தொடராகவே மனனம் செய்வது நல்லது.

8. 'நா' வாராத இடங்கள்

எதிர்மறையில் இரு பொருள்களை இணைக்கும்போது 'வாலா' என்னும் சொல் வரும். 'சினா கலாமு வாலா கரட்டாசி' என்றால் என்னிடம் பேனாவும் இல்லை, தாளும் இல்லை. தமிழ் 'உம்'மைப் பின்பற்றி இங்கு 'நா' இடுதல் பொருந்தாது.

இரண்டில் ஒன்று என்னும் பொருளில் 'ஆவ்' என்னும் சொல் வரும். கூட்டுக் கணக்கு வைத்திருப்போர் இதன் சிறப்பை அறிவர். 'ஜூமா நா ஆஷா' என்றால் இருவரும். 'ஜூமா ஆவ் ஆஷா' என்றால் இருவரில் ஒருவர். இருவரும் சேர்ந்து கையொப்பமிட வேண்டிய கணக்கும், எவரேனும் ஒருவர் கையொப்பமிட்டால் போதுமான கணக்கும் ஒன்றல்ல. கணக்குத் தொடங்கும் படிவத்தில் இவ்வொரு சொல்லை நோக்காது கையொப்பமிடுபவர், தம் பணத்தை எடுக்கும் உரிமை எவரெவருக்கு உண்டு என்பதை அறியாமலே கையொப்பமிடுகிறார்.

பயிற்சி

கோடிட்ட இடங்களில் நா, க்வா, வாலா, ஆவ் ஆகியவற்றுள் பொருத்தமானதை இடுக.

அ) பெஸா ஸிமெட்டும்வா ____ ஆஷா. (ஆஷாவால் பணம் அனுப்பப்பட்டுள்ளது.)
ஆ) பருவா இலியண்டிக்வா ____ கலாமு. (கடிதம் பேனாவால் எழுதப்பட்டது.)
இ) சினா பெஸா ____ டெனி. (என்னிடம் பணமும் இல்லை, கடனும் இல்லை.)
ஈ) கரீபு ____ பெங்க்கி. (வங்கிக்கு அருகில்.)
உ) ஜூமா ____ ஆஷா. (ஜூமா அல்லது ஆஷா.)
ஊ) 'கூமி' என்பது பத்து, 'ம்பிலி' என்பது இரண்டு. 12,000 என்பதை ஐயத்திற்கு இடமின்றி எழுதுக.

விடைகள்: அ) நா. ஆ) க்வா. இ) வாலா. ஈ) நா. உ) ஆவ். ஊ) கூமி நா ம்பிலி எல்ஃபு.

ஆறும் சரியாக அமைந்திருப்பின் 'நா'வின் அடிப்படை கைவந்துவிட்டது எனலாம். ஏதேனும் ஒன்று தவறியிருப்பின், அது பெரும்பாலும் இரண்டாவதாக இருக்கும். கருவிக்கும் கருத்தாவுக்கும் ஒரே உருபை இட்டுப் பழகிய தமிழ் நாவின் இயல்பு அது. மூன்றாம் பகுதியை மீண்டும் ஒருமுறை படித்தால் தெளிவு பிறக்கும்.

எம்மொழியிலும் பெரிய சொற்களை அகராதி காட்டிவிடும். அனுப்பியவர் யார், பெற்றவர் யார், கையொப்பமிட வேண்டியவர் ஒருவரா இருவரா, தொகை எவ்வளவு என்பவற்றை முடிவு செய்வன சிறு சொற்களே. வேற்றுமொழியில் எழுதப்பட்ட பண ஆவணம் எதுவாயினும், அதில் உள்ள பெயர்களையும் தொகையையும் மட்டுமன்றி, அவற்றுக்கு இடையில் நிற்கும் இணைப்புச் சொற்களையும் படித்தறிந்த பின்னரே கையொப்பமிடுவோம்.